வீக்கம் வடியும் முன்

தெகாஷ்
1999 அக்டோபர் 21

என் சினேகிதன் ஷெத்லிக்கு,

லஸ்ஹர் எழுதுகிறேன். உன் மேலும் உன் வீட்டார் மேலும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் மூன்று கடிதம் போட்டேன், நீ ஒரு பதில் போட்டாய், அதுவும் அரைப் பக்கம். கடலோரத்துக்குக் குடிபோனவர்களுக்குக் கை சுருங்கிவிடும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் நோட்டைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதினவன் நீ. அதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அந்தத் தைரியம் உனக்கு.

இங்கே பேரீச்சை அறுவடை நடக்கிறது. பழம் இந்த வருடம் வெளிச்சத்தில் பிடித்தால் கொட்டை தெரிகிறது, அப்படி ஒரு நிறம். மரம் ஏறியவன் இப்போது கொட்டகையில் பெண்களோடு உட்கார்ந்து பழம் தரம் பிரிக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். இப்போது, "லஸ்ஹர் அக்கா, அந்தக் கூடைய இப்படித் தள்ளுங்க" என்கிறார்கள். நானும் தள்ளுகிறேன். வேறு என்ன செய்ய?

கால் எப்படி என்று கேட்பாய். கணுக்கால் மூட்டு நீ ஒட்டவைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது, இம்மிகூட அசையாது. சமதரையில் நடந்துவிடுவேன். பள்ளத்தில் இறங்கும்போதுதான் கட்டிப்போட்ட ஆடு மாதிரி துள்ளுகிறேன். இரண்டு விரல் அளவுக்குக் கால் குட்டை. செருப்புக்காரர் அடியில் டயர் ரப்பர் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். குளிர் வந்தால் உள்ளே குடைகிறது. மற்றபடி கால் கால்தான். வேறு டாக்டராக இருந்தால் முழங்காலோடு வெட்டியிருப்பான் என்று ஊரே சொல்கிறது. ஏழு மாதம் அந்த வார்டில் கிடந்தேன். சீழ் வடிந்த நாளெல்லாம் நீயே வந்து கழுவினாய், நர்ஸைக்கூடத் தொட விடவில்லை. உள்ளே வைத்த தகட்டை எடுத்தாய், காலுக்கு வெளியே இரும்புக் கூண்டு மாட்டினாய், இடுப்பிலிருந்து எலும்பு சுரண்டி வைத்தாய். கூடப் பிறந்தவன் செய்ய மாட்டான் இதையெல்லாம். ஜோஹ்ரா ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறாள். புருஷன் பெயரைச் சொல்கிறாளோ என்னவோ.

அண்ணன் மப்ரூக்கோடு பேசுகிறாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இல்லை. நான் மரத்திலிருந்து விழுந்ததும் ஓடி வந்து பேரீச்ச மட்டையைப் பத்தையாக வைத்து, தன் முண்டாசுத் துணியால் கட்டினாரே, அந்தக் கட்டுதான் என் தோலைச் சாகடித்தது என்று நீ சொன்ன நாளோடு எங்கள் பேச்சு முடிந்தது. ஒரே தெருவில் இருக்கிறோம், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறோம். அவர் எதிரே வந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

பதில் எழுது. இந்த முறை முழுப் பக்கம்.

உன்
லஸ்ஹர்

*

சூஸ்
1999 நவம்பர் 12

அன்புள்ள லஸ்ஹர்,

அல்லாஹ் உனக்கு நல்ல சுகம் தரட்டும். உன் கடிதம் இரண்டு வாரமாக என் மேஜை டிராயரில் இருக்கிறது. எழுத உட்காருவேன், யாராவது நோயாளி வந்துவிடுவார்கள், எழுந்துவிடுவேன். நோயாளி வராத நேரத்திலும் எழுந்துவிடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காலைப் பற்றி. பழைய தழும்பில் எங்காவது ஈரம் தட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை பார். சிவந்து சூடாக இருந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. எலும்புக்குள் போன சீழ் பல வருடம் தூங்கிவிட்டுத் திரும்ப எழும். கூண்டு போட்டிருந்தபோது நிறுத்திய சிகரெட்டை மறுபடி தொட்டிருந்தால் விட்டுவிடு. மேலே இருக்கிற முட்டிக்கும் கீழே பாதத்துக்கும் இனி கூடுதல் வேலை. அதனால் நீண்ட தூரம் நடக்காதே.

ஜோஹ்ராவிடம் சொல், தொழுகையில் என் பெயர் வேண்டாம். பணிவுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு அது பொருந்தாது.

அண்ணன் விஷயம். ரமழான் வரப் போகிறது. நீ ஒருமுறை அவர் வீட்டு வாசலை மிதித்தால் என்ன? ஒரு கால் இப்படி ஆவதற்கு ஒரே காரணம்தான் என்று சொல்ல முடியாது. நீ விழுந்த உயரம் என்ன, கால் எலும்பின் அடிமுனை எத்தனை துண்டாகப் போயிருந்தது, நான் பார்த்தவன். மூட்டின் மேல்பரப்பே நொறுங்கிவிட்டது. அப்படி உடைந்தால் உலகத்தில் எந்த ஊரிலும் சிலருக்கு நன்றாக ஆறும், சிலருக்கு ஆறாது. அதற்கு மேல் தோண்டிக்கொண்டிருக்காதே. அவர் உனக்கு மூத்தவர்.

குழந்தைகள் நலம். பெரியவள் பல் விழுந்து பாட்டுப் பாட முடியாமல் அழுகிறாள்.

அன்புடன்
ஷெத்லி

*

தெகாஷ்
1999 டிசம்பர் 14

ஷெத்லிக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் வார்த்தையைக் கொஞ்சம் அடக்கி எழுதுகிறேன். உன்னிடமிருந்து இப்படி ஒரு பேச்சை நான் எதிர்பார்க்கவில்லை.

பல காரணம் இருக்கும் என்கிறாய். அன்றைக்கு ஒரே காரணம்தானே சொன்னாய்? நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் கட்டைப் பிரித்தாய். தையல் ஓரமெல்லாம் கரியாகக் கறுத்து, வாய் பிளந்து, உள்ளே தகடு பளபளவென்று தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். அண்ணன் கட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "என்னடா ஷெத்லி இது, எப்படிடா ஆச்சு?" என்று கேட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாய். "மரத்தடியில கட்டுன கட்டு. ரத்த ஓட்டத்தை நிறுத்திடுச்சு. நான் என்ன பண்ண முடியும்?" என்றாய். வார்டில் பதினாறு பேர் கேட்டார்கள். நான் அண்ணனிடம், "வெளிய போங்க. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். தப்புச் செய்யாதவன் வாயை மூடிக்கொண்டு போவானா, நீயே சொல்.

ஊருக்கே எலும்புக் கட்டுப் போட்டுவந்தவர் அதற்குப் பிறகு யாருக்கும் கட்டுப் போடவில்லை. யாரும் போகவுமில்லை, ஊரெல்லாம் தெரிந்துவிட்டதே. இப்போது என்ன ஆயிற்று என்றால், போன வாரம் எங்கள் தெருப் பெண் மன்னூபியா, வாய்க்காலில் வழுக்கி மணிக்கட்டைப் பிசகிக்கொண்டாள். நேராக அவரிடம் போயிருக்கிறாள். அவரும் கட்டி அனுப்பியிருக்கிறார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்னொரு வீட்டிலும் ஒருத்தி கை சூம்பி உட்காரணுமா?

வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துவிட்டேன். இனி அவர் எந்த எலும்பையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும். அதிகாரி நல்ல மனிதர்தான். "வாய்ப்பேச்சு எனக்கு வேணாம், டாக்டர் எழுத்து இருந்தா கொண்டாப்பா" என்றார். ஆக, ஷெத்லி, வார்டில் சொன்னதை அப்படியே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான்கு வரி போதும். இது ஒன்றுதான் உன்னிடம் நான் கேட்பது.

லஸ்ஹர்

*

சூஸ்
2000 ஜனவரி 5

அன்புள்ள லஸ்ஹர்,

பெருநாள் வாழ்த்து, உனக்கும் ஜோஹ்ராவுக்கும்.

நீ கேட்ட தாள் விஷயம். நான் இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. உன் கேஸ் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் எழுதுவது முறையில்லை. அங்கே கேட்டால் தேட மாதக்கணக்காகும். அதுவும் போக, கூடப் பிறந்தவரை அதிகாரி முன்னால் நிறுத்துவது உனக்கு அழகா? அவர் மணிக்கட்டுக் கட்டினதில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கெடுதல் வந்ததா? வந்ததாக நீ எழுதவில்லையே.

ஒன்று செய்யலாம். வசந்தத்தில் நீ இங்கே வா. தங்க இடம் என் வீடு. காலைப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம், உனக்கு ஏற்ற மாதிரி நல்ல ஷூ ஒன்று செய்யச் சொல்கிறேன், உருண்ட அடியோடு. நடை பாதி சரியாகிவிடும். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள், லஸ்ஹர். எனக்காக.

ஷெத்லி

*

தெகாஷ்
2000 ஜனவரி 22

ஷெத்லிக்கு,

உனக்காக என்கிறாய். உனக்கு என்ன வந்தது இதில்?

நான்கு வரி எழுத இத்தனை சாக்கா? காகிதம் அங்கே இருக்கிறது, மாதக்கணக்காகும், அழகா அசிங்கமா... கட்டைப் பிரித்தவன் நீ, பார்த்தவன் நீ, சொன்னவன் நீ. இதற்குக் காகிதம் எதற்கு? யாருக்குப் பயப்படுகிறாய்? என் அண்ணனுக்கா? அவர் உன்னை என்ன செய்துவிடுவார், மட்டையால் அடிப்பாரா?

விசாரணைக்கு நாள் வைத்துவிட்டார்கள், பிப்ரவரி பதினேழு. போன திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒருமுறை கேட்டார்கள். அதிகாரி அவரிடம், "என்னப்பா மப்ரூக், நீ இறுக்கிக் கட்டுனியா இல்லையா?" என்றார். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள்: "ஐயா, டாக்டர் என்ன எழுதுறாரோ அதுதான் என் பதிலும். அவர் கையெழுத்துக்குக் கீழ நானும் கைநாட்டு வைக்கிறேன்." அவ்வளவுதான். ஒத்துக்கொண்ட மாதிரிதானே இது? ஆனாலும் உன் தாள் வந்தால்தான் உத்தரவு போடுவாராம்.

வெளியே வரும்போது அவர் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ரப்பர் அடியை. எனக்கு வந்த ஆத்திரத்தில் காறித் துப்பத் தோன்றியது, துப்பவில்லை.

பதினேழாம் தேதிக்குள் உன் தாள் வர வேண்டும். வராவிட்டால் உன்னையே சாட்சிக்குக் கூப்பிடச் சொல்வேன். வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

லஸ்ஹர்

*

சூஸ்
2000 பிப்ரவரி 3

லஸ்ஹர்,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் ஜோஹ்ரா இருந்தால் இருக்கட்டும், அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

உன் அண்ணன் கட்டிய கட்டு உன் காலுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவசரப் பிரிவில் அதை அவிழ்த்தவன் நான். துணிக்கும் தோலுக்கும் நடுவில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. பாதம் அசையாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கட்டியிருந்தார், உள்ளே கம்பளி வைத்திருந்தார். கால் விரல்கள் சூடாக, ரத்த ஓட்டத்தோடு இருந்தன. "இது என் கைக்கு மிஞ்சினது டாக்டர், அதான் நேரா தூக்கிட்டு வந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு நல்ல கட்டை என் உதவி டாக்டர்கள்கூடப் போட்டதில்லை.

உன் காலைக் கெடுத்தது நான்.

இந்த மாதிரி உடைந்த கணுக்காலில் எலும்பைவிடத் தோல்தான் முக்கியம். அங்கே சதை கிடையாது, எலும்பின் மேல் தோல் மட்டும்தான். அடி பட்ட மறுநாள் அது ஊதி, இறுகி, கொப்புளம் போடும். அப்போது கத்தி வைக்கக் கூடாது. குதிகாலில் ஒரு கம்பியை ஏற்றி, எடை தொங்கவிட்டு, காலை உயரத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ. தோலைக் கிள்ளினால் சுருக்கம் விழ வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன் தியேட்டர். என் பேராசிரியர் இதைத்தான் முதல் வருடம் சொல்லிக்கொடுத்தார். நானும் இதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்த தப்பு இல்லை இது.

நீ வந்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால். பெருநாள் என்றால் தியேட்டரை ஒரு வாரம் மூடிவிடுவார்கள், மயக்க மருந்து டாக்டர் ஊருக்குப் போய்விடுவார். நீ வேறு, "ஆடு வாங்கிக் கட்டியிருக்கேன்டா, என் கையால அறுக்கணும், சீக்கிரம் முடிச்சு அனுப்பிடு" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். அதற்காகத்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பெருநாளன்று சூஸில் என் மாமனார் வீட்டு விருந்துக்கு நான் இப்போது வேலை செய்யும் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் முதலாளி வருவதாக இருந்தது. என் வேலையைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. உன் காலில் கம்பி மாட்டிக் காத்திருந்தால் நான் அங்கேயே இருந்திருக்க வேண்டும், யாரிடமும் விட்டுவிட்டுப் போக முடியாது. தகடு போட்டு மூடிவிட்டால் போய்விடலாம். இரண்டாம் நாளே உன்னைத் தியேட்டருக்கு எடுத்தேன்.

தியேட்டர் நர்ஸ் ஹபீபா அம்மா உன் காலைப் பார்த்துவிட்டு, "டாக்டர், தோலு தக்காளி மாதிரி நிக்குது. பெருநாள் கழியட்டுமே" என்றார். "இங்க டாக்டர் யாரு, நீங்களா நானா?" என்று கேட்டேன். அந்த அம்மா கையுறையை மாட்டிக்கொண்டார்.

எலும்பை நன்றாகத்தான் சேர்த்தேன். மூடும்போது தோல் எட்டவில்லை. இழுத்துத் தைத்தேன். தைக்கத் தைக்கவே வெளுத்துப்போனது. பார்த்துக்கொண்டே மேலே பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, மறுநாள் காலை வண்டி ஏறிவிட்டேன். விருந்தில் நன்றாகச் சாப்பிட்டேன், லஸ்ஹர். வேலையும் கிடைத்தது.

பத்தாம் நாள் வார்டில் நீ கேட்ட கேள்விக்கு உண்மை என் வாய் வரைக்கும் வந்தது. அப்போது உன் அண்ணன் கட்டில் ஓரம் நின்றிருந்தார், அவர் மேல் கண் விழுந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்வதற்கு முன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏழு மாதம் தினமும் உன்னைப் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் யோசித்துத்தான் சொல்லாமல் இருந்தேன். நர்ஸைக்கூட விடாமல் நானே கழுவினேன் என்று நன்றியோடு எழுதியிருந்தாய். அந்தப் புண்ணை விவரம் தெரிந்த இன்னொருவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் முதலில் கழுவ ஆரம்பித்தேன். பிறகு வேறு எதுவும் உனக்குச் செய்ய முடியாததால் கழுவினேன்.

அன்று நான் காத்திருந்தால் நீ மறுபடி மரம் ஏறியிருப்பாயா என்று கேட்டால், தெரியாது. எலும்பு அவ்வளவு மோசமாக உடைந்திருந்தது, மூட்டு எப்படியும் கொஞ்சம் இறுகியிருக்கும். ஆனால் இந்தச் சீழ், இந்தக் கூண்டு, இடுப்பு எலும்பு, இந்தக் குட்டைக் கால், ஏழு மாதம், இவற்றில் பெரும்பகுதி என் கணக்கு. வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. கண்ணாடியில் சவரம் செய்யும்போது முகவாயைப் பார்த்துச் செய்கிறேன், கண்ணைப் பார்ப்பதில்லை.

இதையே வட்டாட்சியருக்கும் எழுதி, கையெழுத்திட்டு, இந்தத் தபாலிலேயே அனுப்பிவிட்டேன். மருத்துவர் சங்கத்துக்கும் எழுதியிருக்கிறேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. உன் அண்ணனிடம் நான் வந்து காலில் விழ வேண்டும். நீ வரலாம் என்று சொன்னால் வருகிறேன்.

ஷெத்லி

*

தெகாஷ்
2000 மார்ச் 9

டாக்டர் ஷெத்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பிப்ரவரி எட்டாம் தேதி வந்தது. நான்கு நாள் கொட்டகைக்குப் போகவில்லை. ஜோஹ்ரா படித்துவிட்டு, "எழுந்திருங்க, உங்க அண்ணன் வீட்டுக்குப் போங்க" என்றாள். போகக் கால் வரவில்லை. கெட்ட காலைச் சொல்லவில்லை, நல்ல காலும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை அசர் தொழுதுவிட்டுப் போனேன். அண்ணன் முற்றத்தில் தேநீர் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இன்னொரு கிளாஸை எடுத்து வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கடிதத்தை முழுவதும் நானே வாசித்தேன். விருந்து வரும் இடத்தில் நிறுத்தினேன். "படி, படி" என்றார்.

வாசித்து முடித்தும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அண்ணே, இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்றேன்.

"நான் கட்டுன கட்டு எனக்குத் தெரியாதாடா?" என்றார்.

"அப்புறம் ஏன் அன்னிக்கு வாயத் திறக்கல?"

தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உன் கால் பிளந்து கிடந்துச்சு. அத மூட அந்த ஆஸ்பத்திரியில அவர் ஒருத்தர்தான் இருந்தாரு. நான் அவரைப் பொய்யன்னு சொல்லியிருந்தா நீ கட்டில விட்டு இறங்கியிருப்ப, உன் குணம் எனக்குத் தெரியாதா? கால் போயிருக்கும். அவர் மேல உனக்கு நம்பிக்கை இருக்கட்டும்னு விட்டேன். என் மேல போனா போகட்டும்."

"கால் ஆறினப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

டாக்டர், நம்பியிருக்க மாட்டேன். கதவைச் சாத்தியிருப்பேன்.

உங்கள் மேல் கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கடிதத்தை இரண்டு தடவை அடுப்பருகே கொண்டுபோனேன். ஆனால் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம், அதுவும் உங்கள் வெட்கம் இல்லை, என்னுடையது. உங்கள் பொய் ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் சோறு போட்டு வளர்த்தவன் நான். எனக்கு அது வசதியாக இருந்தது. விழுந்த அன்று காலையில் நல்ல காற்று. மகரந்தம் தூவ ஆண் பாளையைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய மரத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். கீழிருந்து அண்ணன், "காத்து அடிக்குது, இறங்குடா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கத்தினார். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்றேன். நான்கு பேர் கேட்கச் சொன்னேன். அதை மறக்க எனக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது, நீங்கள் கைகாட்டிவிட்டீர்கள். அவரைத் தெருவில் பார்த்துச் சுவர் பக்கம் திரும்பினவன் நான். என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவரைக் கூப்பிடாதவன் நான். அவர் மனைவி, என் மதினி, கூஸ்கூஸ் தட்டோடு வந்து வாசலில் நின்றபோது திருப்பி அனுப்பினவன் நான். இதில் எதையும் நீங்கள் செய்யச் சொல்லவில்லை.

அவர் கையைப் பிடித்து முத்தமிட்டேன். கையை உருவிக்கொண்டார். "ஆறிப்போச்சு, குடி" என்று கிளாஸைத் தள்ளினார். தேநீரைச் சொன்னார்.

வட்டாட்சியர் மனுவை முடித்துவைத்துவிட்டார். உங்கள் தாளை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நானே வாசித்தேன். வாசிக்கும்போது என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். கொட்டகைப் பெண்கள் அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, அண்ணன் என்றும் கூப்பிடவில்லை.

நீங்கள் இங்கே வர வேண்டாம். வந்தால் அண்ணன் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார், எனக்கு அதைப் பார்க்கும் மனம் இல்லை. காலுக்கு இனி வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இனி எழுதாதீர்கள்.

நான் கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்து, உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். "அந்த டாக்டரு இப்பவாவது வீக்கம் வடியற வரைக்கும் காத்திருக்காரான்னு கேளு" என்றார். நான் கேட்க மாட்டேன் என்றேன். "எனக்காகக் கேளு" என்றார். கேட்டுவிட்டேன். பதிலை அவர் பெயருக்கு அனுப்புங்கள், தபால்காரர் வாசித்துக் காட்டுவார்.

லஸ்ஹர்